60 யூரோ அகராதி, 45-க்கு!

வணக்கம் மக்களே! இந்தச் சத்தம் கேட்டுச்சா? தொம்முனு? கிடைச்சிருச்சு! கிடைக்கலையேன்னு போன வீடியோவுல புலம்பினேனே, ஃபாதர் டினீனோட ஐரிஷ்-ஆங்கில அகராதி, 1927 பதிப்பு!

டப்ளின்ல ஒரு பழைய புத்தகக் கடை. 60 யூரோவாம். பைண்டிங் முதுகு பிய்ஞ்சு தொங்குது, இதுக்கு 60-ஆ? கடைக்காரர் வெளிய மழையைப் பார்த்தாரு, நான் முதுகையே பார்த்தேன். 55-னாரு. நான் பேசல. 50. அப்பவும் பேசல! 45-க்கு வந்துட்டாரு. வாயைத் திறக்காமலே 15 யூரோ மிச்சம். வீட்டுல ஒருத்தரும் பாராட்டல, நீங்களாவது லைக் போடுங்க.

சரி, பேட்ரிக் டினீன். அயர்லாந்துல கெர்ரி கவுண்டியில ராத்மோர் பக்கம், 1860-ல பிறந்தவர். சேசு சபைக் குரு. 1900-ல சபையை விட்டு வந்துட்டாரு, ஆனா குருவாவேதான் இருந்தாரு. 1904-ல முதல் அகராதி. 1916-ல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா டப்ளின்ல வெடிச்ச ஈஸ்டர் எழுச்சியில அதோட அச்சுத் தகடெல்லாம் அழிஞ்சுபோச்சு. நானா இருந்தா அன்னைக்கே கடையைச் சாத்தியிருப்பேன். மனுஷன் இன்னும் பெருசாக்கி இதைக் கொண்டுவந்தாரு, 1,300 பக்கத்துக்கு மேல!

கிட்ட காட்டுறேன் பாருங்க, ‘குர்’னு ஒரு சொல். வைக்கிறது, அனுப்புறது, விதைக்கிறது, புதைக்கிறது... மழை பெய்யுதுன்னு சொல்லவும் இதேதான்! ஆப்ல தேடினா ஒத்த அர்த்தத்தைத் துப்பிட்டுப் போயிடும். அதான் எனக்கு ஆப்னாலே ஆகாது. எழுத்தும் பழைய கேலிக் அச்சு. மெய்யெழுத்து தலையில புள்ளி வச்சா ஒலி மெலிஞ்சிடும். புள்ளியெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

ஐயோ, ஒன்னு விட்டுட்டேன். அகராதி மட்டும் இல்லங்க. 1901-லயே ஐரிஷ்ல ஒரு நாவல் எழுதிட்டாரு. ஓ ராஹலின்னு ஒரு பழைய ஐரிஷ் கவிஞரோட கவிதைகளைப் பதிப்பிச்சாரு. 17-ஆம் நூற்றாண்டுல ஜெஃப்ரி கீட்டிங்னு ஒருத்தர், அவரும் பாதிரியார்தான், அயர்லாந்து வரலாறு எழுதினாரே, அதுல முதல் பாகம் டேவிட் கோமின் பதிப்பிச்சது. மீதி மூணும் நம்மாளு, மொழிபெயர்ப்போட! இவ்வளவு செஞ்சவருக்கு ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் தன்னோட ‘யுலிசிஸ்’ நாவல்ல குடுத்த இடம், ‘ஃபாதர் டினீன் கேக்குறார்’னு நேஷனல் லைப்ரரி சிப்பந்தி வந்து சொல்றதோட சரி. எனக்கு அது ஆறவே இல்ல.

இந்த முதுகை எப்படி ஒட்டுறது, கமெண்ட்ல சொல்லுங்க. செல்லோ டேப்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, கெட்ட கோவம் வரும்.