"விளங்குதா?" என்று கேட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

விரிவுரையாளராக ஆசிரிய மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியைப் பார்க்கப் போனால், நான் முதலில் புரட்டுவது பாடக்குறிப்பின் கடைசிப் பகுதியைத்தான். அங்கே பாடம் முடிந்தபின் சுயமதிப்பீடு எழுத இடம் விட்டிருக்கும். ஒருநாள் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் அதை வாசித்தேன். "பாடம் சிறப்பாக நடந்தது, மாணவர்கள் ஆர்வமாகப் பங்குபற்றினர்." நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தால், பாடம் தொடங்கவே இன்னும் 10 நிமிடம் இருந்தது! முதல்நாள் இரவே எழுதி முடித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படி எழுதிப் பாஸானவள்தான். புள்ளி போட வருபவருக்காக எழுதினால் வேறு எப்படி வரும்?

என்னை மாற்றியது ஒரு போன். படிப்பிக்கத் தொடங்கிச் சில வருடங்களின் பின், தரம் 7 கணித பாடம் ஒன்றை மேசையில் போனை வைத்துப் பதிவுசெய்தேன். பிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை அதைக் காதில் மாட்டிக் கேட்டேன். 40 நிமிடப் பாடத்தில் 17 தடவை "விளங்குதா?" என்கிறேன். 17 தடவையும் "ஓம் டீச்சர்" என்று ஒரே குரல். அதைவிட மோசம், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன என்று கேட்டுவிட்டு, மூச்சு விடுமுன் விடையையும் நானே சொல்கிறேன். அதற்குள் முன்வாங்கிலிருந்து ஒரு பையன் "ஐந்தில் இரண்டு" என்கிறான். வகுப்பில் அது என் காதில் விழவே இல்லை.

மறுநாள் அவனிடம் கேட்டேன். "மேலே இருக்கிறதை மேலேயும் கீழே இருக்கிறதைக் கீழேயும் கூட்டினேன் டீச்சர்." சரி, அரை ரொட்டியோடு இன்னொரு துண்டு சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்றேன். சிரித்துவிட்டான்.

1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுத்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு நீட்டியதும் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, மௌனம் குறைந்தது. அந்த மூன்று செக்கன் எவ்வளவு நீளம் என்பது கரும்பலகை முன் நின்றவருக்குத்தான் தெரியும்.

வேலையின் நடுவே யோசிப்பது, முடிந்தபின் யோசிப்பது என்று 1983இல் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் பிரித்துக் காட்டினார். முதலாவது கை பழகியவர்களுக்கே கைகூடும். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலைக்கு வருபவர் இரண்டாவதில் தொடங்கட்டும். ஒரு பாடத்துக்கு ஒரு விஷயம் போதும். எந்த இடத்தில் தடுமாறினேன், நாளைக்கு எதை மாற்றுவேன், அவ்வளவுதான். இந்தச் சுயமதிப்பீட்டுக்குப் புள்ளி போடுவதை விரிவுரையாளர்களாகிய நாங்களும் நிறுத்த வேண்டும்.

போன மாதம் ஒரு மாணவியின் கொப்பியில் இப்படி இருந்தது: "ஜன்னல் பக்கம் இருக்கும் மூன்று பேரின் பெயர் இன்னும் தெரியாது." நான் ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கிழமை போனபோது, அந்த வரியின் கீழே மூன்று பெயர்களும் இருந்தன.