ஒரு திரைச்சீலை, ஒரு முக்காலி

(மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்திய கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியராக நான் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, புறநோயாளிகள் வரிசையை விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பந்தல், நாற்காலி, மைக் எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்ட ரோட்டரி சங்கச் செயலாளர் அவர்களே, சற்று முன் வந்து ஓசைப்படாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா, முன்னால் வாங்க, இடம் இருக்கிறது), என்னோடு ஊர் ஊராகச் சுற்றிய அங்கன்வாடிப் பணியாளர்களே, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் என் மக்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இது புதுக்கோட்டை மண். 1886இல் இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் தமிழ்நாடு முழுக்க மகப்பேறு உதவித்தொகை போகிறது. அவர் பிறந்த மண்ணில் நின்று பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் கர்ப்பிணிகளைப் பராமரிப்பது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. சாப்பாடு, தடுப்பூசி, துணை என்று மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பேசிவிடலாம்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் வாயைத் திறந்தால் ஒரு பழமொழி வந்துவிடும். "ஆபத்துக்குப் பாவமில்லை." இன்றைக்கும் வரும். எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில், கர்ப்பிணிக்கு ஏன் தனிக் கவனம்? எட்டு மாத வயிறு மேலே ஏறி நுரையீரலை நெருக்கும். மூச்சுக்கு இடம் குறையும், ஆனால் ஆக்சிஜன் தேவை கூடும். அந்த நேரம் பார்த்து நெஞ்சைப் பிடிக்கும் காய்ச்சல் வந்தால் தாங்காது. 1918இல் பரவிய விஷக் காய்ச்சலில் விழுந்த 1,350 கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து அமெரிக்காவில் மறு வருடம் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். கொரோனா அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் குறைமாதப் பிரசவமும் கொரோனா வந்த கர்ப்பிணிகளிடம் கூடுதலாகவே இருந்தன. மற்றவர்களுக்கு விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு 94 காட்டினால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே இறங்கவே கூடாது. குப்புறப் படுத்தால் மூச்சு எளிதாகும் என்று டிவியில் காட்டினார்கள். நிறைமாத வயிற்றோடு எங்கே குப்புறப் படுப்பது? இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னோம்.

தடுப்பூசிக்கு வருகிறேன். கர்ப்பிணிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அவளைத் தொடக்கத்தில் பரிசோதனைகளில் சேர்க்கவில்லை. ஆனால் நோய் அவளைச் சேர்த்துக்கொண்டது. 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது ஜூலை 2ஆம் தேதி. அதற்குள் எத்தனை வீடு இருட்டிவிட்டது! அனுமதி வந்த பிறகும் "ஊசி போட்டால் கரு தங்காது" என்று ஒரு புரளி. மருமகள் கையை நீட்டுவாள், மாமியார் அந்தக் கையைப் பிடித்து இழுப்பார். இதைத் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். இன்றைக்கு இவ்வளவு போதும், ஏனென்றால் நான் சொல்ல வந்த கதை வேறு.

2020 ஏப்ரல், ஊரடங்கு. என் துணை சுகாதார நிலையத்தில் பதிந்திருந்த ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஊரடங்கில் வளைகாப்பும் இல்லை, தாய் வீடும் இல்லை. அம்மா இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், சிவகங்கை மாவட்டத்தில். ஒரு நாள் விடியற்காலையில் மகளுக்கு வலி. 108 வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. செய்தி கேட்ட அம்மா என்ன செய்வார்? பஸ் கிடையாது. ஊரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கிளம்பிய குட்டியானையில், கத்தரிக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மாவட்ட எல்லையில் செக்போஸ்ட். "பாஸ் இருக்கா?" என்று காவலர் கேட்டார். கல்யாணம், சாவு, வைத்தியம், இந்த மூன்றுக்குத்தான் பாஸ் உண்டு, ஞாபகம் இருக்கிறதா?

"என் மகளுக்குப் பிரசவம் தம்பி."

"அப்ப மகளுக்குத்தான் பாஸ். நீங்க நோயாளியா?"

"நோயாளியோட அம்மா."

"அம்மாவுக்குன்னு இதுல ஒண்ணும் போடலையே."

பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே சுக்கு, பூண்டு, கருப்பட்டி, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்று. "வேட்டி எதுக்கு?" என்றார். "பிள்ளையைச் சுத்தி வாங்க" என்றார் அம்மா. காவலர் தலையைச் சொறிந்தார். ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. "சார், கத்தரிக்காய் வாடுது." அப்போதுதான் அந்த அம்மா சொன்னார், நானா சொல்லிக் கொடுத்தேன்? "தம்பி, ஆபத்துக்குப் பாவமில்லை."

காவலர் யோசித்தார். "சரி. கத்தரிக்காய்க்குப் பாஸ் இருக்கு. நீங்க லோடு இறக்க வந்த ஆள்." நோட்டில் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அந்தத் தம்பி இன்று எந்த ஸ்டேஷனில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். (கைதட்டல்.)

கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டிய அந்த அம்மாவால் பிரசவ வார்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். "கொரோனா, துணைக்கு ஆள் கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கத்தரிக்காய் மார்க்கெட்டுக்குள் போய்விட்டது. அம்மா ராத்திரி முழுக்க வெளியே சைக்கிள் ஸ்டாண்டில். பெண் குழந்தை, இருவரும் நலம். பிறகு நான் வீட்டுக்குப் போனபோது அந்தப் பெண் சொன்னாள்: "வலியைக்கூடப் பொறுத்துட்டேன் நர்ஸம்மா. உள்ளே இருந்த எல்லாரும் முகத்தை மூடியிருந்தாங்க. யார் கையைப் பிடிச்சுக்கிறதுன்னே தெரியல."

வார்டில் இருந்த செவிலியர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டக் கொட்ட வேலை பார்த்தவர்கள் அவர்கள். என் கோபம் அந்தக் கதவின் மேல். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004லேயே வந்த ஏற்பாடு. மத்திய அரசும் 2016இல் நாடு முழுக்கச் சொல்லிவிட்டது. தொற்றுநோய் இல்லாதவராக இருக்கணும், சுத்தமான உடை உடுத்தணும், வேலைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்ற நிபந்தனைகளும் அதிலேயே இருக்கின்றன. அப்புறம் கொரோனா வந்ததும் ஏன் கதவைச் சாத்தணும்? ஒரு முகக்கவசம் கொடுத்து உள்ளே விட்டிருக்கலாம். தாய்க்குத் தொற்று இருந்தாலும் அவள் விரும்பும் துணை கூட இருக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. தொற்றுள்ள தாய் முகக்கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம், பிள்ளையைப் பிரிக்க வேண்டாம் என்றும் சொன்னது. பரிசோதனை முடிவு வரவில்லை என்று பிரசவத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2020 மே மாதமே டெல்லியில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) எழுதியது. ஆபத்துக்குப் பாவமில்லை என்பதைத்தான் டெல்லி பாஷையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம்மிடத்தில் அதே பழமொழியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்: ஆபத்துக் காலம், அதனால் உரிமையைப் பறித்தாலும் பாவமில்லை என்று. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

துணை என்பது ஆறுதலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. கூடவே ஓர் ஆள் இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. இதற்கு மருந்துச் செலவு ஒரு ரூபாய் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நன்றி ஐயா. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். மீதியை மருத்துவ அலுவலர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இனி நான் கேட்க வந்தது. துணையை ஏன் உள்ளே விடுவதில்லை என்று பல இடங்களில் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கிடைத்த பதில் இரண்டு. ஒன்று, கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு இல்லை, ஒருத்தியின் அம்மா வந்தால் அடுத்தவளுக்குக் கூச்சம். இன்னொன்று, வந்தவர் உட்கார இடம் இல்லை, நின்றால் டாக்டர் நடக்க வழி இல்லை. சரி, கட்டிலுக்கு ஒரு திரைச்சீலை, ஒரு முக்காலி. கோடிக்கணக்கில் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். அடுத்த தொற்று வந்து கதவைச் சாத்துவதற்கு முன் இது நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டும்.

திரைத் துணிக்கு ரோட்டரிச் செயலாளர் தலையாட்டிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள். தைத்துத் தர குழுவில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் தயார். முக்காலிக்கு ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா ஒரு வழி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவ அலுவலர் ஐயா கம்பியின் நீளத்தை மட்டும் அளந்து சொன்னால் போதும். பிரசவத் துணையை எந்தத் தொற்றுக் காலத்திலும் நிறுத்தக் கூடாது என்ற மனு வாசலில் மேஜை மேல் இருக்கிறது. டீ கொடுக்கிற இடமும் அதுதான். முதலில் கையெழுத்து, அப்புறம் டீ.