ட்ராக் உங்களுடையது, கணக்கு யாரிடம் இருக்கிறது?

[திரையில்: ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது.]

"உங்க ட்ராக் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க லேபிள்ல வெளியிடலாமா?"

மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து இசை செய்த ஒருவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், கூடவே வரும் நாலு பக்க ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்க மனம் வருமா? எலக்ட்ரானிக் இசையில் சுரண்டல் பெரும்பாலும் அந்த நாலு பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஹவுஸ், டெக்னோ, ட்ரம் அண்ட் பாஸ் போன்ற எலக்ட்ரானிக் நடன இசை செய்பவர்கள் பலரும் தனி ஆட்கள். மேனேஜர் கிடையாது, வக்கீல் கிடையாது. மூன்று புனைபெயர், ஏழெட்டு லேபிள் (இசையை வெளியிடும் நிறுவனம்), ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு ட்ராக் என்று அவர்கள் வேலை சிதறிக் கிடக்கும். எங்கிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் நிலுவையில் நிற்பது சின்னத் தொகை. அதைக் கேட்டு வழக்குப் போட்டால் வக்கீல் செலவே அதைத் தாண்டிவிடும். ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதி வேண்டாம்.

[திரையில்: ஒப்பந்தத்தின் ஒரு வரி பெரிதாகத் தெரிகிறது: "நிகர வருமானத்தில் ஆளுக்குப் பாதி".]

பாதிக்குப் பாதி என்றால் நியாயமாகத்தானே தெரிகிறது? 'நிகர' என்ற வார்த்தையைப் பாருங்கள். ஒரு ட்ராக் மொத்தம் 100க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் கடையும், அங்கே இசையைக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் எடுத்தது போக லேபிளுக்கு 50 வருகிறது. மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்குவது, அதற்குச் செலவு 20. அட்டைப்படம் 10. ப்ரோமோ 20. மீதி பூஜ்யம், அதில் உங்களுக்குப் பாதி.

அந்த மாஸ்டரிங்கைச் செய்தவர் லேபிள் முதலாளியாகவே இருக்கலாம். ப்ரோமோ என்பது டிஜேக்களின் முகவரிப் பட்டியல் ஒன்றுக்கு லிங்க் அனுப்பியதாக மட்டுமே இருக்கலாம். செலவுக்கு உச்சவரம்பு எழுதப்படாத ஒப்பந்தத்தில் இதெல்லாம் கழிக்கத்தக்க செலவுதான்.

அப்படியும் கொஞ்சம் மிஞ்சினால் அடுத்த வரி காத்திருக்கிறது: குறிப்பிட்ட தொகை சேரும்வரை பணம் அனுப்பப்படாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, தொகை சேரவில்லையா, அடுத்த ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போகும். இப்படி நூறு கலைஞர்களின் சில்லறை ஒரே இடத்தில் தேங்கி நிற்கும். ஒருநாள் லேபிளை மூடிவிட்டால் அது போனதுதான். இதை நிர்வாகச் சிக்கல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: சிகாகோ, 1980கள்.]

இந்தக் கதை இந்த இசையோடு சேர்ந்தே பிறந்தது. ஹவுஸ் இசை சிகாகோவின் கறுப்பின, தன்பாலீர்ப்பாளர் கிளப்புகளில் வளர்ந்தது. அதை இசைத்தட்டில் ஏற்றி உலகத்துக்கு அனுப்பிய முக்கிய லேபிள்களில் ஒன்று ட்ராக்ஸ் ரெகார்ட்ஸ். ஹவுஸின் முன்னோடிகளில் ஒருவரான லேரி ஹெர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் அந்த லேபிள் மீது 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். முறையான உரிமை இல்லாமலே லேபிள் தங்கள் இசையைப் பல ஆண்டுகளாக விற்றது, ராயல்டி (இசை பயன்படும்போது கலைஞருக்குச் சேர வேண்டிய பங்கு) தரவில்லை என்பது புகார். 2022இல் சமரசம் ஆகி, உரிமைகள் அவர்களிடம் திரும்பின. அதே ஆண்டில் மார்ஷல் ஜெஃபர்சன் உள்ளிட்ட இன்னும் பல கலைஞர்கள் அதே லேபிள் மீது வழக்குப் போட்டார்கள். இளைஞர்களாக இருந்தபோது செய்த இசைக்கு அறுபது வயதை ஒட்டி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அது அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். ஃபோர் டெட் என்ற பெயரில் இசை செய்யும் கீரன் ஹெப்டன், 2001இல் டோமினோ என்ற இங்கிலாந்து லேபிளோடு ஒப்பந்தம் போட்டார். அப்போது இன்று நாம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் கிடையாது. பிறகு வந்த ஸ்ட்ரீமிங் வருமானத்தில் லேபிள் அவருக்குக் கொடுத்தது 18 சதவீதம். ஸ்ட்ரீமிங் என்பது விற்பனை அல்ல, உரிமம் கொடுப்பது, அதற்கு 50 சதவீதம் வர வேண்டும் என்பது அவர் வாதம். வழக்கு நடக்கும்போதே, 2021 நவம்பரில், அவருடைய மூன்று ஆல்பங்களை லேபிள் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து இறக்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள், கேள்வி கேட்டதற்கு இசையே காணாமல் போகிறது! 2022 ஜூனில் சமரசம். 50 சதவீதம் ஒப்புக்கொள்ளப்பட்டது, பழைய பாக்கியாக 56,000 பவுண்டுக்கு மேல் அவருக்கு வந்தது.

டோமினோ பெரிய கார்ப்பரேட் நிறுவனம் அல்ல, சுயாதீன லேபிள். லேபிள் சின்னது, நம்ம ஆட்கள் என்பதால் மட்டும் ஒப்பந்தம் நியாயமாகிவிடாது.

[திரையில்: கிளப். டிஜேயின் கைகள்.]

கிளப்புக்கு வருவோம். பல நாடுகளில் இசையை ஒலிக்கவிட கிளப்புகள் ராயல்டி வசூல் சங்கத்துக்குக் கட்டணம் கட்டுகின்றன. அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தெரிய, அன்று என்னென்ன ஒலித்தது என்ற பட்டியல் வேண்டும். டிஜேக்கள் பலர் அதைக் கொடுப்பதில்லை. பட்டியல் இல்லாத இடத்தில் ரேடியோ, விற்பனைத் தரவுகளை வைத்துப் பிரிப்பது வழக்கம். விளைவு, இரவு முழுக்க உங்கள் ட்ராக்குக்கு ஆடியிருப்பார்கள், பணம் ரேடியோவில் ஓடும் பாட்டுக்குப் போயிருக்கும். இதில் வில்லன் யாரும் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இழப்பு நிஜம்.

ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு வாசல் அடைபட்டிருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால், அந்தப் பதிவுக்கு ராயல்டி கிடையாது. அந்தப் பங்கு மற்ற ட்ராக்குகளுக்குப் பிரிந்துபோகும்.

அப்புறம் கோஸ்ட் புரொடக்‌ஷன். இன்னொருவர் பெயரில் வெளியாக, ட்ராக்கை முழுக்கச் செய்து ஒரு தொகைக்கு விற்றுவிடுவது, வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போடுவது. தெரிந்து, நல்ல விலைக்கு விற்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே தாளில் இசையமைப்பாளருக்கான பங்கையும் சத்தமில்லாமல் எழுதி வாங்கிவிடுகிறார்களா என்று பாருங்கள்.

[திரையில்: மீண்டும் ஒப்பந்தம். வரிகள் ஒவ்வொன்றாக அடிக்கோடிடப்படுகின்றன.]

சரி, கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது? உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு உரிமம் மட்டும் கொடுங்கள். செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள், அதற்கு மேல் போனால் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று சேருங்கள். கணக்கு வரவில்லை என்றால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வரிக்காக மட்டும் பிடிவாதம் பிடியுங்கள். நேர்மையான லேபிள்கள் நிறைய உண்டு, அவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள், ஒப்பந்தத்தில் கணக்கு அனுப்பும் தேதி இருக்கிறதா, கணக்கைத் தணிக்கை செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் போனில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். ட்ராக் பெயர், வெளியான தேதி, எந்தக் காலத்துக்கான கணக்கு வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி, பதில் தர ஒரு கெடுவும் குறிப்பிடுங்கள். பின்னால் வக்கீலிடமோ இசைக்கலைஞர் சங்கத்திடமோ போக வேண்டி வந்தால், அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த மின்னஞ்சலைத்தான்.