சூளையும் சேர்ந்ததுதான் திருவிழா

(தருமபுரியில் கைவினைத் திருவிழாவுக்கான ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கைவினைஞர்களே, வணக்கம்.

அதியமான் ஆண்ட தகடூர் இது. இங்கே கைவினைத் திருவிழா என்று பேச்செடுத்தால், எத்தனை கடை போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை சூளை, எத்தனை தறி என்று கேளுங்கள். விற்பனைக்குத்தான் என்றால் 1994-இல் டெல்லியில் தொடங்கிய தில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தை இருக்கிறது. பழைய ஊரைத் தேடி வருகிறவர்களுக்குப் பொருள் உருவாவதைக் காட்ட வேண்டும்.

கோயிலுக்கு நேர்ந்துவிடும் மண்குதிரையையே எடுத்துக்கொள்வோம். ஏரிமண்ணில் கல், வேர் பொறுக்கி, மணலும் உமியும் கலந்து மிதித்துப் பிசைய வேண்டும். உமி எரிந்துபோன இடத்தில் நுண்ணிய துளைகள் விழும். பெரிய உருவம் வெடிக்காமலிருக்க அது உதவுகிறது. காலும் உடலும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது, ஒட்டுமிடத்தைக் கீறிவிட்டு மண்குழம்பு தடவி ஒட்டுங்கள். ஒன்று காய்ந்து மற்றொன்று ஈரமாக இருந்தால், காயும்போதே பிளந்துவிடும். உள்ளே கூடாக விட்டு, காற்றுப் போக ஒரு துளையும் வையுங்கள்.

இரண்டடி குதிரை என்றால் நிழலில் இரண்டு வாரமாவது காய வேண்டும். ஆகவே திருவிழா மேடையில் பிசைந்ததை அங்கேயே சுட்டுக் காட்ட நினைக்காதீர்கள். முன்பே செய்து காய்ந்ததைச் சுடுங்கள். புதிதாகப் பிசைவதைத் தனியே காட்டுங்கள். கூட்டம் காத்திருக்கிறதே என்று எடுத்த எடுப்பில் விறகை அள்ளிப் போடுவதுதான் வழக்கமான தவறு. 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உருவத்தை உடைக்கிறது. முதல் சில மணி நேரம் புகைச்சூடு மட்டும் போதும். மண்ணிலுள்ள படிகமணல் 573 டிகிரியில் சட்டென விரியும், ஆறும்போது அதே சூட்டில் சுருங்கும். அதனால்தான் சூளையை அவசரப்பட்டுப் பிரித்தால் மயிரிழை விரிசல் விழுகிறது. மூன்று நாள் விழாவில் முதல்நாள் அடுக்கிச் சுடுங்கள், இரண்டாம்நாள் ஆறவிடுங்கள், மூன்றாம்நாள் எல்லோர் முன்னிலையிலும் பிரியுங்கள். அன்றைக்கு வரும் கூட்டத்துக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படாது!

காலம் தை, மாசிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் காயாது, விறகும் எரியாது. மண்ணெடுக்க அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 2024 முதல் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கிறது.

அடுத்து, நிலையான கலைக்கூடம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை, கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்ப முடியாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். கோட்டையடியில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கோப்பு நகராது. ஊருக்குள் பூட்டிக்கிடக்கும் ஓட்டுக் கட்டடம் ஒன்றைப் பழுதுபார்த்து எடுப்பதே என் யோசனை. சென்னைக்கு அருகே 1966-இல் உருவான சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்துக்கு, அங்கிருந்த கலைஞர்கள் பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) முதலிய கைவினைகளை விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். வருமானத்துக்கு அப்படி ஒரு வழி வையுங்கள்.

கடைசியாக, அனுப்பும் வேலை. மண்குதிரையின் காதும் வாலும்தான் முதலில் உடையும். அவற்றுக்கு வைக்கோலைத் தனியே சுற்றி, பெட்டியின் அடியிலும் நாலங்குலம் பரப்புங்கள். விற்றதற்கான பணத்தை அன்று மாலையே கைவினைஞர் கையில் கொடுத்துவிடுங்கள். ஊர்திரும்ப வண்டி வாடகையை அவர்கள் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.