அதே பல்லவி

அன்பான நேயர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஒரு வருஷம் எங்கள் ஊர் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், கடலை மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய இரண்டு சேவல். காணிக்கை கொண்டுவந்தவர்களின் வரிசையில் ஒரு பாட்டி, பிள்ளையை இடுக்குகிற மாதிரி இடுப்பில் ஒரு பூசணிக்காயை இடுக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியாது. கீர்த்தனையில் சரணம் வரும்போது பேசாமல் நடப்பார்கள். பல்லவி திரும்பி வந்ததும் உரக்கப் பாடுவார்கள். பாடகர் குழுவில் நின்ற நான், சுருதி விலகுகிறதே என்று முகம் சுளித்தேன். அவர்கள் கணவரை அடக்கம்பண்ணி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள், கிறிஸ்தவ ஆராதனைக்கு நம் மண்ணின் ராகங்களையும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பையும் கொண்டுவந்தார்கள். சரணத்துக்குச் சரணம் வார்த்தை மாறும். பல்லவி மாறாது.

வேதத்திலும் அப்படி ஒரு பல்லவி இருக்கிறது. "அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது." 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள், இருபத்தாறும் அவர் கிருபையைச் சொல்லித்தான் முடிகின்றன.

சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டை நாளில் இதைத்தான் பாடினார்கள். 120 ஆசாரியர்கள் பூரிகை ஊத, ஆலயப் பணி செய்யும் லேவியர் கைத்தாளமும் தம்புருவும் சுரமண்டலமும் வாசிக்க, எல்லாம் ஒரே சத்தமாக எழும்பியது. அப்பொழுது மேகம் ஆலயத்தை நிரப்பிற்று. கர்த்தருடைய மகிமை நிரப்பினதால் ஆசாரியர்களால் நின்று ஊழியம் செய்ய முடியவில்லை. மகிமை என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'காபோத்'. பாரம் என்ற பொருளில் பிறந்த சொல் அது. நம் 'கனம்' என்ற சொல்லும் அப்படித்தானே? எடைக்கும் அதுதான் சொல், மரியாதைக்கும் அதுதான். அந்தக் கனத்தின் முன்னால்தான் ஆசாரியர்களுக்குக் கால் நிற்கவில்லை.

கைத்தாளமும் மேளமும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 150ஆம் சங்கீதமே பேரோசையுள்ள கைத்தாளங்களைக் கேட்கிறது. ஆனால் ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்து சந்தோஷத்தை வரவழைக்க முடியாது. தேவன் யார் என்பது நெஞ்சில் கனக்க வேண்டும். பாட்டு அதற்குப் பிறகு தானாக வரும்.

அந்த ஆலயத்தைப் பாபிலோனியர் கி.மு. 586இல் சுட்டெரித்து, ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய 50 வருஷம் கழித்து, சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். எஸ்றா 3ஆம் அதிகாரத்தை இன்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அங்கே மேகம் இறங்கியதாக ஒரு வார்த்தை இல்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் அஸ்திபாரம். ஆனாலும் ஆசாரியர்கள் பூரிகை எடுத்தார்கள், லேவியர் தாளம் தட்டினார்கள், பாடினார்கள். எதை? அதே பல்லவியை! முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்ட முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அழுகை எது, ஆரவாரம் எது என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லையாம்.

யாரும் அந்த முதியவர்களை அதட்டி, "இது மகிழ்ச்சியின் நாள், கண்ணைத் துடையுங்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கவில்லை. அந்த அழுகையும் ஆராதனைக்குள்தான் இருந்தது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் குரல்தான் கேட்கிறது.

அன்றைக்கு ஆராதனை முடிந்து ஏலம் நடந்தது. பூசணிக்காயை எங்கள் அப்பா எடுத்தார். அம்மா அதைப் பிளந்து, பாதியை அந்தப் பாட்டிக்கே கொடுத்துவரச் சொன்னார்கள். நான் போனபோது பாட்டி திண்ணையில் தனியாக உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். காலையில் பாடிய அதே பல்லவி, தணிந்த குரலில். கன்னம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. தலையை ஆட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த முறை பல்லவி வந்தபோது நானும் சேர்ந்துகொண்டேன்.