கந்தரோடை: யாருடையது என்பதை விடுங்கோ, எதற்குக் கட்டினார்கள்?

வணக்கம் உறவுகளே. இப்போது நான் நிற்பது யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில். பின்னால் பனைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் அரைவட்டக் கட்டடங்கள் தெரிகின்றனவா? முருகைக்கல்லால் ஆனவை. நெருக்க நெருக்கமாக, சின்னதும் பெரிதுமாக நிற்கின்றன. சிலதைப் பத்துப் பன்னிரண்டு எட்டில் சுற்றி வந்துவிடலாம்.

இங்கே வந்தால் எல்லாரும் முதலில் கதைப்பது இது யாருடையது என்றுதான். பௌத்தத் தூபி, அதனால் சிங்களவருடையது என்று ஒரு பக்கம். அதற்குப் பதில் சொல்லப் போய், இது பௌத்தமே இல்லை என்று மறு பக்கம். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழிலேயே மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியம் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. தமிழர் பௌத்தராக இருந்ததை ஒப்புக்கொள்ள நாங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்? சரி, அந்தச் சண்டையை அப்படியே வைத்துவிடுவோம். அது போடும் சத்தத்தில் ‘எதற்கு?’ என்ற கேள்வி யாருக்கும் கேட்பதே இல்லை. ஒரே இடத்தில் இத்தனை தூபி எதற்கு?

ஊரில் ஒரு கதை உண்டு. நஞ்சுக் காளான் சாப்பிட்டு அறுபது பிக்குகள் இறந்துபோனார்கள், ஆளுக்கொன்றாக எழுப்பினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, சான்று இல்லை. இரண்டாவது விளக்கம், இவை நேர்த்தித் தூபிகள். நாங்கள் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற மாதிரி, அடியார்கள் கட்டிக் கொடுத்தவை. ஒடிசாவில் ரத்னகிரியில் இப்படி நூற்றுக்கணக்கில் சின்னத் தூபிகள் இருக்கின்றன. மூன்றாவது, இறந்த துறவிகளின் எச்சத்தின் மேல் எழுப்பிய நினைவுச் சின்னங்கள். என் மனம் சாய்வது இந்தப் பக்கம். ஏனென்றால் 1970ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் இதே கந்தரோடையில் தோண்டியபோது, தூபிகளுக்கெல்லாம் முந்திய பெருங்கற்காலக் குடியிருப்பு, கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களோடு வெளிப்பட்டது. இறந்தவருக்குச் சின்னம் வைக்கும் பழக்கம் அந்தப் பண்பாட்டில் ஊறியது. பௌத்தம் வந்த பிறகும் அது வேறு வடிவத்தில் தொடர்ந்திருக்கலாம். ‘லாம்’தான், அடித்துச் சொல்லவில்லை.

யாருடையது என்ற சண்டையே இல்லாத, ஆனால் எதற்கு என்று தெரியாத ஒரு சாமானின் படத்தைக் காட்டுகிறேன், போனைக் கிட்டப் பிடிக்கிறேன், பாருங்கோ. ரோமர் காலத்துப் பன்னிரண்டு முகச் செம்புக் கலவை உருண்டை. ஒவ்வொரு முகத்திலும் ஒரு ஓட்டை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, மூலைக்கு மூலை ஒரு குமிழ், உள்ளே வெறுமை. நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன, எல்லாம் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி பக்கம். ரோம் இருக்கிற இத்தாலியில் ஒன்றும் இல்லை. ரோமர் எழுதி வைத்த எதிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அளவுகோல் என்றார்கள். ஆனால் நாலு சென்ரிமீற்றரிலிருந்து பதினொன்று வரை ஆளுக்கொரு அளவில் இருக்கிறது, இதை வைத்து எதை அளப்பது? கையுறை பின்னும் கருவி என்று யூடியூபில் ஒருவர் பின்னியே காட்டுகிறார். பின்ன முடிகிறது என்பதற்காக அதற்குத்தான் செய்தார்கள் என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் அந்தப் பின்னல் முறை இருந்ததற்கே சான்று இல்லை. ஒன்றுக்குள் மெழுகு இருந்தது, உடனே மெழுகுதிரித் தாங்கி ஆகிவிட்டது. எதுவும் சரிவராவிட்டால் தொல்லியல் ஆட்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கும்: சடங்குப் பொருள்.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் கனக்க எந்த மண்ணில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தன என்ற பதிவே இல்லாமல் வந்தவை. இடியப்ப உரலைத் தனியே வயலில் கண்டெடுத்தால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்கும் அடுப்புக் கல்லுக்கும் பக்கத்தில் கிடந்தால் வாய் மூடிவிடும். 2023ல் இங்கிலாந்தில் நோர்ட்டன் டிஸ்னி என்ற ஊரில் ஒன்று அகழ்வுக் குழியிலேயே, நாலாம் நூற்றாண்டு மட்பாண்டத்தோடு, உடையாமல் கிடைத்ததை ஆய்வாளர்கள் கொண்டாடியது அதனால்தான்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரை இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு, பேராசிரியர் இந்திரபாலா தலைமையில், ஒரு பெருங்கற்கால ஈமப் புதைகுழியில் எடுத்தது. விரல் நுனியளவுக் கல். மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு என்கிறார்கள். மேல் குறியீடுகள் என்ன சொல்கின்றன என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் எதற்கு என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள், அவருடைய அதிகாரத்தைக் காட்டும் முத்திரை. அது ஏதாவது சந்தைக் கடையில் தலைகாட்டியிருந்தால் இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க முடியுமா?

கந்தரோடைக்குத் திரும்புவோம். இங்கே முதலில் தோண்டியவர் போல் ஈ. பீரிஸ், யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை. தூபிகளோடு நாணயங்கள், மணிகள், செம்புக் குச்சிகள் என்று அள்ளினார். குச்சிகளை எகிப்தியர் கண்ணுக்கு மை தீட்டிய குச்சிகளோடு ஒப்பிட்டார். இதைப் பிடித்துக்கொண்டு எகிப்து வரை கதை கட்ட ஆள் இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் குச்சி எந்த வீட்டின் தரையில், எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது அலங்காரமா மருந்தா என்று பேசலாம். இப்போது நீங்கள் பார்க்கும் தூபிகளும் பிறகு திருத்திக் கட்டப்பட்டவை. இவற்றின் வளைவை வைத்து வாதாடினால், பாதி வாதம் திருத்தியவரின் கைவேலையோடு நடக்கும். தொடாத நிலம் சுற்றிலும் எஞ்சியிருக்கிறது, விடை அங்கே கிடக்கலாம்.

இங்கே எடுத்த சாமான்கள் சில நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்த வீடியோ அங்கிருந்துதான். படம் எடுக்க விட்டால் காட்டுகிறேன், விடாவிட்டால் வெளியே நின்று கதைப்பேன். வரட்டா?