காற்றின் திசை தெரியும் ஓவியங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் வடகரையில், சேன் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஒன்ஃபிளர் என்றொரு சிறிய துறைமுகம் உண்டு. 1824-இல் அங்கே ஒரு மாலுமியின் மகனாகப் பிறந்தவர் ஓவியர் யூஜின் பூதான். சிறுவயதில் படகில் எடுபிடி வேலை செய்தார். பிறகு எதிர்க்கரையிலிருக்கும் ல ஆவ்ர் நகரில் படச்சட்டமும் எழுதுபொருளும் விற்கும் கடையொன்றை நடத்தினார்.

வெட்டவெளியில் நின்று வானத்தைத் தீட்டிய சின்னஞ்சிறு வண்ணக்கோல் படங்களில், தேதி, மணி, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். 'அக்டோபர் 8, நண்பகல், வடமேற்குக் காற்று' என்பது போன்ற குறிப்புகள் அவை. 1859-இல் அப்படங்களைக் கண்டு வியந்த கவிஞர் போத்லேர், அந்த எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்று எழுதினார். பூதானைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

1860-களில் பாரீஸ் நகரத்துச் செல்வர்கள் கோடை கழிக்கத் துரூவில் கடற்கரையில் கூடியபோது, அவர்களையும் அவர் தீட்டினார். படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வானம்; அதன் கீழே, அகன்ற பாவாடை அணிந்த பெண்களும் தொப்பி வைத்த ஆண்களும் மணலில் ஒரு குறுகிய வரிசையாக நிற்கிறார்கள். அருகில் சென்று பார்த்தால் முகங்கள் இல்லை. ஒரு தீற்று இளஞ்சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணின் கழுத்துத்துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதும், குடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியும்.

1867-இல் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானி பகுதியின் உழைக்கும் மக்களிடையே தங்கிவிட்டுத் திரும்பியவருக்கு, இந்தச் சீமான்களின் கூட்டம் வெறும் வேடமாகத் தோன்றி வெறுப்பூட்டியது; அதைக் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார். அந்த மனச்சாட்சிக்காகவே அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனினும் அவர் மனம் முழுமையாக ஊன்றியது துறைமுகங்களில்தான். பிரெஸ்த், கமாரே, போர்தோ, ஆண்ட்வெர்ப் என்று கப்பல் நின்ற இடமெல்லாம் அவர் போனார். கடல் வற்றிய வேளையில் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும் படகும், கலங்கிய நீரில் நடுங்கும் பாய்மரத்தின் நிழலும் அவருக்குப் பெரும்போரையும் புயலையும்விட முக்கியமானவையாக இருந்தன. கயிறும் பாயும் அவர் கையில் வெறும் அலங்காரமாக ஆகாததற்கு, படகில் வளர்ந்த அந்தச் சிறுவனே காரணம் என்று நம்புகிறேன்.

ல ஆவ்ரில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த ஓர் இளைஞனை வற்புறுத்தி வெளியே அழைத்துச் சென்று, இயற்கையை நேரில் பார்த்துத் தீட்டப் பழக்கியவரும் பூதானே. அந்த இளைஞர் குளோத் மொனே. 1874-இல் பாரீஸில் நடந்த கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. கணநேரத்து ஒளியைப் பிடிக்க முயன்ற 'இம்ப்ரெஷனிசம்' என்ற ஓவிய இயக்கத்தின் பெயருக்கு வித்திட்ட மொனேயின் படம் அங்கேதான் தொங்கியது. பனிமூட்டத்தில் சூரியன் எழும் அந்தப் படத்திலிருப்பது, பூதான் கடை வைத்திருந்த ல ஆவ்ர் துறைமுகம்.